கில் த மூன்: முட்டையை மன்னித்துவிடலாம், முடிவை எப்படி மன்னிப்பது?

நீலப்பெட்டி (இழையைத் தொடங்கியவர்)

டாக்டர் என்ற வேற்றுகிரகவாசி காலத்திலும் விண்வெளியிலும் சுற்றும் பிரிட்டிஷ் டிவி தொடரான டாக்டர் ஹூவின் எட்டாவது சீசனை வரிசையாகப் பார்த்து வருபவர்களுக்காக இந்த இழை. கதையை முழுசாகப் பேசப் போகிறோம். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

2014 அக்டோபர் 4 அன்று வெளியான "கில் த மூன்" எபிசோடைப் பற்றித்தான் பேச்சு. எழுதியவர் பீட்டர் ஹார்னஸ், இயக்கியவர் பால் வில்ம்ஷர்ஸ்ட். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. திட்டுபவர்களில் முக்கால்வாசிப் பேர் "நிலா எப்படி முட்டையாக இருக்க முடியும்?" என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு முட்டையோடு சண்டை இல்லை. வெளியே போலீஸ் பெட்டி, உள்ளே கடல் போல் இடம் என்று இருக்கும் டார்டிஸ் என்ற கால வண்டியில் ஏறிப் போகச் சம்மதித்துவிட்ட எனக்கு நிலா முட்டையாக இருந்தாலும் சம்மதம்தான்.

என் குறை வேறு. கதை 2049-இல் நடக்கிறது. நிலாவின் ஈர்ப்பு கூடிப்போய், பூமியில் கடல் பொங்கி ஊர்கள் மூழ்கிவிட்டன. மியூசியத்தில் கிடந்த பழைய விண்வெளி ஷட்டிலை எடுத்துக்கொண்டு, 100 அணுகுண்டுகளோடு, லண்ட்விக் என்ற கேப்டனும் இரண்டு பேரும் நிலாவுக்கு வருகிறார்கள். டாக்டர், அவரோடு பயணிக்கும் டீச்சர் கிளாரா, அவளுடைய பள்ளி மாணவி கோர்ட்னி மூவரும் அங்கே வந்து மாட்டிக்கொள்கிறார்கள். உள்ளே ஒரு உயிர் பொரியக் காத்திருக்கிறது. பொரிந்தால் ஓட்டுத் துண்டுகள் பூமியில் விழலாம், அந்த உயிரே பூமியை அழிக்கலாம், ஒன்றும் ஆகாமலும் போகலாம். இந்த இடத்தில் டாக்டர், "இது உங்கள் நிலா, நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு டார்டிஸில் ஏறிப் போய்விடுகிறார்.

எவ்வளவு பெரிய கேள்வி! ஒன்றும் அறியாத ஒரு குட்டி உயிர் ஒரு பக்கம், மனித இனம் மொத்தமும் மறு பக்கம். கிளாரா பூமியிடம் கேட்கிறாள்: கொல்லச் சொன்னால் விளக்கை அணையுங்கள், வாழவிடச் சொன்னால் எரியவிடுங்கள். பூமி முழுக்க விளக்குகள் அணைகின்றன. கடைசி நொடியில் கிளாரா அந்தத் தீர்ப்பை மீறிக் குண்டுகளை நிறுத்துகிறாள்.

அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அப்புறம் என்ன நடக்கிறது? குட்டி பொரிகிறது, ஓடு தூளாகி யாருக்கும் கீறல்கூட இல்லாமல் மறைகிறது, பறந்து போவதற்கு முன் அந்தக் குட்டி அதே அளவில் இன்னொரு முட்டையை இட்டுவிட்டுப் போகிறது. நிலா பழைய இடத்திலேயே இருக்கிறது. அத்தோடு, இதைப் பார்த்த மனிதர்களுக்கு மறுபடி விண்வெளி ஆசையும் வந்துவிடுகிறது.

ஒரு பைசா விலைகூட யாரும் கொடுக்கவில்லை. நாற்பது நிமிடம் கஷ்டமான கேள்வியைக் கேட்டுவிட்டு, கடைசியில் அந்தக் கேள்வியே தேவையில்லாமல் போகும்படி செய்துவிட்டார்கள். நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். உங்களுக்கும் அப்படித்தானா?

இயற்பியல் வாத்தியார்

முடிவைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் அறிவியலை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. இந்தக் கதையில் ஆபத்து என்று சொல்லப்படுவதே நிலாவின் எடைதான். அந்தக் கணக்கு தப்பினால் ஆபத்தும் தப்புகிறது.

டாக்டர் வாயாலேயே வரும் எண், உள்ளே வளரும் உயிரின் எடை சுமார் 130 கோடி டன். கேட்கப் பெரிதாக இருக்கிறது. நிலாவின் உண்மையான எடை சுமார் 7 லட்சத்து 35 ஆயிரம் கோடி கோடி டன். வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 5,650 கோடியில் ஒரு பங்கு வரும். 60 கிலோ ஆள் ஒருவர் மேல் ஒரு மைக்ரோகிராம் தூசி உட்கார்ந்த மாதிரி. இதற்காகக் கடல் பொங்காது.

ஷட்டிலில் இறங்கியதும் டாக்டர் யோ-யோவை ஆட்டிப் பார்ப்பார், எல்லாரும் பூமியில் நடப்பது போல நடப்பார்கள். நிலாவின் மேற்பரப்பில் ஈர்ப்பு பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கு. விட்டம் மாறாமல் அது பூமி அளவுக்கு வர வேண்டுமென்றால் நிலாவின் எடை ஆறு மடங்காக வேண்டும். 130 கோடி டன்னுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்று. முட்டைக்குள் குஞ்சு வளர்ந்தால் முட்டையின் எடை கூடாது. உள்ளே ஏற்கெனவே இருக்கும் கருதான் குஞ்சாக மாறுகிறது. கோழிமுட்டையை அடைகாத்தால் ஓட்டின் துளைகள் வழியாக ஈரம் போய், பொரிக்கும்போது எடை குறைந்துதான் இருக்கும். நிலாவை முட்டை என்று சொன்ன உடனேயே "எடை கூடியது ஏன்" என்பதற்கு விடை கிடைத்துவிட்டது போல் கதை நடந்துகொள்கிறது. உண்மையில் அந்த விடை கேள்வியை இன்னும் மோசமாக்குகிறது.

தொடரில் இதைவிட வினோதமான அறிவியல் நிறைய வந்திருக்கிறது. 1967-இல் வந்த "த மூன்பேஸ்" கதையில் நிலாவில் உட்கார்ந்துகொண்டு கிராவிட்ரான் என்ற இயந்திரத்தால் பூமியின் வானிலையை நடத்துவார்கள். நம்பவே முடியாதது. ஆனால் அந்த இயந்திரம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதில் கதை தன் சொல்லைக் காப்பாற்றும். கில் த மூன் காப்பாற்றவில்லை. எடைக்கு எண் சொல்லாமலே விட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

இரட்டை இதயம்

இந்த எபிசோடை மனசார விரும்புகிற ஆள் நான். இங்கே தனியாக நிற்பேன் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

நீங்கள் இருவரும் நிலாவைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு இது டாக்டருக்கும் கிளாராவுக்கும் நடுவே விழுந்த விரிசலின் கதை. கடைசியில் டார்டிஸுக்குள் நடக்கும் சண்டையை மறுபடி பாருங்கள். எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது, டாக்டர் பெருமையாக நிற்கிறார், உன்மேல் நம்பிக்கை வைத்துத்தான் முடிவை உன்னிடம் விட்டேன் என்கிறார். அவளுக்கோ அது மரியாதையாகப் படவில்லை, கைவிட்டது போலத்தான் இருக்கிறது. கிளாராவாக நடிக்கும் ஜென்னா கோல்மன் அந்தக் காட்சியில் அழுகையையும் கோபத்தையும் ஒரே குரலில் கொண்டுவருகிறார். டாக்டராக வரும் கபால்டி பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறார். இந்தத் தொடரில் கூடப் பயணிக்கும் ஒருவர் டாக்டரை இவ்வளவு நேராக நிற்கவைத்துக் கேட்டது குறைவு.

அதே சீசனின் இரண்டாவது எபிசோடில் டாக்டர் கிளாராவிடம் தான் ஒரு நல்ல மனிதனா என்று கேட்பார். அவளுக்குத் தெரியாது. ஐந்து எபிசோட் கழித்து, நிலாவில், அவளுக்கு ஒரு பதில் கிடைக்கிறது. இந்தக் கோடு உங்களுக்குத் தெரியவில்லையா?

நீலப்பெட்டி, ஒரு பைசா விலைகூட யாரும் கொடுக்கவில்லை என்கிறீர்கள். கொடுத்தார்கள். அந்த நட்புதான் விலை.

பழைய கேசட்

இரட்டை இதயம் சொன்ன சண்டைக் காட்சி அருமை, மறுக்கவே மாட்டேன். ஆனால் பழைய தொடரைப் பார்த்து வளர்ந்தவனாக ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது.

1975-இல் வந்த "ஜெனிசிஸ் ஆஃப் த டாலெக்ஸ்" கதையில் இதே மாதிரி ஒரு கட்டம் உண்டு. டாக்டராக நடிப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அப்போது டாம் பேக்கர். அவர் கையில் இரண்டு ஒயர்கள். தொட்டால் டாக்டரின் பரம எதிரிகளான டாலெக் இனமே பிறக்கும் முன்னால் அழிந்துபோகும். இதைச் செய்ய எனக்கு உரிமை உண்டா என்று அவர் கூட வந்த சாராவிடமும் ஹாரியிடமும் கேட்டுத் தவிக்கிறார். முடிவெடுக்கும் பாரம் டாக்டரின் கையிலேயே இருக்கிறது, அந்தக் கை நடுங்குவதை நாம் பார்க்கிறோம். கில் த மூனில் பாரத்தைத் தூக்கி ஒரு டீச்சர், ஒரு பதினைந்து வயதுப் பெண், ஒரு கேப்டன் தலையில் வைத்துவிட்டு டாக்டர் போய்விடுகிறார். வேறு டாக்டர் இது என்று காட்ட நினைத்தார்கள், புரிகிறது. ஆனால் அவர் தவித்தாரா என்பதே நமக்குக் காட்டப்படவில்லை.

முதல் பாதிக்கு வருகிறேன், அதை யாரும் பாராட்டவே இல்லையே! லான்சரோட்டே தீவின் எரிமலை நிலத்தில் எடுத்திருக்கிறார்கள். 1984-இல் வந்த "பிளானட் ஆஃப் ஃபயர்" எடுக்கவும் இதே தீவுக்குத்தான் போனார்கள். கறுப்பு மண், காலி நிலையம், சிலந்தி வலைக்குள் பிணங்கள், இருட்டில் ஓடும் அந்தச் சிலந்திகள். சிலந்திகள் பின்னால் பாக்டீரியா என்று தெரிய வருவதும், கோர்ட்னி கிருமிநாசினி தெளித்து ஒன்றைக் கொல்வதும் நல்ல யோசனை. இருபது நிமிடம் 1970-களின் திகில் கதை பார்ப்பது போலவே இருந்தது எனக்கு. அந்தப் படத்தை அப்படியே கடைசிவரை எடுத்திருந்தால் இன்று இந்த இழையே வந்திருக்காது.

இன்னொரு பழைய கணக்கு. 1970-இல் வந்த சைலூரியன் கதையில், ஒரு சிறு கிரகம் பூமியை நெருங்குவதைப் பார்த்துப் பயந்துதான் அந்த ஊர்வன இனம் பூமிக்கடியில் தூங்கப் போகும். நெருங்கி வந்ததுதான் நிலா. முட்டைக்கு 10 கோடி வயது என்று இந்த எபிசோடில் டாக்டர் சொல்வதைக் கேட்டதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. நிலா பிறகு வந்து சேர்ந்த ஒன்று என்பது தொடருக்குள் 44 வருடங்களாக இருந்த சங்கதி. ஒரே ஒரு வசனத்தில் இதைத் தொட்டிருக்கலாம்.

இயற்பியல் வாத்தியார்

கேசட் சார், அப்பல்லோ ஆட்கள் நிலாவிலிருந்து 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். அவற்றில் 400 கோடி வருடப் பழைய கற்கள் எல்லாம் உண்டு. 10 கோடி வருட முட்டைக்கு அந்த ஓடு எங்கிருந்து வந்தது? சைலூரியன் கதை வந்த 1970-இல் அந்தக் கற்களை ஆராயத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதை விட்டுவிடலாம். 2014-இல் எழுதுபவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

நீலப்பெட்டி

இரட்டை இதயம், நட்புதான் விலை என்ற உங்கள் பதில் என்னை யோசிக்க வைத்தது. அதனால் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

2010-இல் வந்த "த பீஸ்ட் பிலோ"வை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் இதே நிலைமைதான். ஒரு நாட்டு மக்கள் மொத்தமும் ஒரு விண்மீன் திமிங்கிலத்தின் முதுகில் வாழ்கிறார்கள், அதைச் சித்திரவதை செய்துதான் கப்பல் ஓடுகிறது. அங்கேயும் வாக்கெடுப்பு உண்டு, மறந்துவிடுவது ஒரு பொத்தான், எதிர்ப்பது இன்னொரு பொத்தான். அங்கேயும் கடைசி நேரத்தில் டாக்டரோடு கூட வந்த எமி என்ற பெண்தான் எல்லாரையும் மீறி முடிவெடுக்கிறாள். அங்கேயும் எல்லாம் நல்லபடி முடிகிறது.

ஆனால் எமி சும்மா பொத்தானை அழுத்தவில்லை. அந்தத் திமிங்கிலம் குழந்தைகளை மட்டும் தொடுவதில்லை என்பதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அது தானாகவே உதவ வந்தது என்று அதிலிருந்து புரிந்துகொள்கிறாள். நமக்கும் அந்தக் காட்சிகள் எல்லாம் முன்னாலேயே காட்டப்பட்டிருக்கின்றன. அவள் ராணியின் கையை எடுத்துப் பொத்தானில் வைத்தபோது, நாம் தவறவிட்டதை அவள் பிடித்துவிட்டாளே என்று எனக்கு சந்தோஷமாக இருந்தது.

கிளாராவிடம் என்ன இருக்கிறது? நிலாவின் குட்டி நல்லதா கெட்டதா என்று சொல்ல ஒரு துரும்புகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. ஓட்டுத் துண்டுகள் விழாது என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. லண்ட்விக் சொல்வதுதான் நியாயமான கணக்கு. கீழே கோடிக்கணக்கான உயிர்கள், தெரியாத ஒன்றுக்காக அவர்களைப் பணயம் வைக்க முடியாது. கிளாரா அதை மீறுகிறாள், கதை அவளுக்குப் பரிசு கொடுக்கிறது, லண்ட்விக்கை நன்றி சொல்ல வைக்கிறது. அந்த நன்றி எனக்கு மிகவும் வலித்தது. தன் இரண்டு ஆட்களைப் பறிகொடுத்து, சாகத் தயாராக வந்த ஒரு பெண், கடைசிக் காட்சியில் தான் தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவள் தப்பே செய்யவில்லை.

முட்டை ஓட்டின் ஒரு துண்டாவது விழுந்திருக்க வேண்டும். அல்லது நிலா திரும்பி வராமலே போயிருக்க வேண்டும். அலை அடங்கிய கடலோடு, நிலவில்லாத வானத்தோடு மனிதர்கள் வாழப் பழகியிருந்தால், கிளாரா செய்தது சரியா என்று இன்றுவரை நாம் விவாதித்துக்கொண்டிருப்போம். அப்போது அந்த டார்டிஸ் சண்டைக்கும் இன்னும் கனம் இருந்திருக்கும். நட்பு உடைந்தது என்கிறீர்கள், சரி. உடைந்ததற்கு ஈடாக அவள் காப்பாற்றியதற்கும் ஒரு விலை இருந்திருந்தால்?

கடைசி பெஞ்ச்

யாரும் தொடாத ஒன்றை நான் சொல்கிறேன். ஒளிபரப்பான வாரத்திலேயே இது கருக்கலைப்பைப் பற்றிய கதையா என்ற பேச்சு எழுந்தது. மூன்று பெண்கள் ஓர் அறையில். இன்னும் பிறக்காத ஓர் உயிர். ஆண் ஒருவர் "இது பெண்களின் முடிவு" என்கிற மாதிரி சொல்லிவிட்டு வெளியே போகிறார். கொல்லலாம் என்று தீர்ப்பு, கொல்லாமல் விட்டதற்கு வெகுமதி. இதைப் பார்த்துக் கருக்கலைப்புக்கு எதிரான கதை என்று கோபப்பட்டவர்கள் உண்டு. முடிவைப் பெண்களிடம் விட்டதால் அவர்களுக்கு ஆதரவான கதை என்று சொன்னவர்களும் உண்டு.

எனக்கு இரண்டும் முழுசாகப் பொருந்தவில்லை. இங்கே முட்டை யாருடைய உடம்பிலும் இல்லை. ஓட்டுப் போடுகிறவர்கள் யாரும் அதைச் சுமக்கவில்லை. ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி எடுக்கும் முடிவும், பூமியின் தலைவிதியைப் பற்றி ஊரே எடுக்கும் முடிவும் ஒன்றாகாது. ஆனால் இந்தக் காட்சியை அப்படி அமைத்தது அவர்கள்தானே? அறையில் பெண்களை மட்டும் விட்டது, டாக்டரை அப்படிப் பேசவைத்தது எல்லாம் தற்செயலாக நடக்காது. அப்படி ஒரு கதவைத் திறந்தால் அதற்குள் போய்ப் பேச வேண்டும். திறந்து வைத்துவிட்டு, குட்டி பறந்து போனதும் எல்லாரும் கைதட்டிவிட்டார்கள். பார்க்கிற பெண்ணாக எனக்கு அது கோபம்.

நீலப்பெட்டி சொல்லும் "விலை இல்லை" என்ற குறை இங்கேயும் வந்து நிற்கிறது. இப்படிப்பட்ட முடிவுகள் எல்லாவற்றிலும் ஏதோ ஒன்றை இழப்பார்கள். இழப்பே இல்லாமல் காட்டுவது அந்த நிலைமையில் நின்றவர்களுக்கு அநியாயம்.

காலக்கணக்கு

காலப்பயணக் கதையாகவும் இது வழுக்குகிறது. கிளாரா நியாயமான கேள்வி கேட்கிறாள்: எதிர்காலத்துக்குப் போயிருக்கிறேன், அங்கே நிலா இருந்ததே? டாக்டர் சொல்லும் பதில், நீ பார்த்தது ஹோலோகிராமாக இருக்கலாம், வேறு ஏதோவாக இருக்கலாம் என்பது. கால ஓட்டத்தில் சில தருணங்கள் தனக்கே தெரியாது என்கிறார். நல்ல விதிதான், எனக்குப் பிடிக்கும். ஆனால் முடிந்ததும் கடற்கரையில் நின்றுகொண்டு மனித இனம் இனி எங்கெல்லாம் பரவும் என்று மளமளவென்று ஒப்பிக்கிறார்.

இதைவிடச் சிக்கல், 2009-இல் வந்த "த வாட்டர்ஸ் ஆஃப் மார்ஸ்". செவ்வாயில் போவி பேஸ் ஒன் அழிவது 2059 நவம்பர் 21. அது மாற்றவே முடியாத நிலைப்புள்ளி. அப்படியானால் 2049-இல் ஷட்டிலை மியூசியத்திலிருந்து உருவி எடுக்கும் நிலைமையில் இருந்த மனிதர்கள், பத்தே வருடத்தில் செவ்வாயில் காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறார்கள். முடியாது என்று சொல்லவில்லை. ஒரு வரியில் சொல்லியிருந்தால் அந்த அவசரமே அழகான கதையாகியிருக்கும்.

இரட்டை இதயம்

காலக்கணக்கு, அந்தப் பத்து வருடம் எனக்குப் பிடித்திருக்கிறது. நிலா பொரிந்ததைப் பார்த்த ஒரு தலைமுறை வெறியோடு விண்வெளிக்குப் போயிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நீலப்பெட்டி, நிலவில்லாத வானம் என்று நீங்கள் சொன்ன முடிவு என் மனசில் உட்கார்ந்துவிட்டது. அப்படி எடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இப்போது இருக்கும் எபிசோடை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மின்கம்பம்

மின் விநியோகத்தில் வேலை பார்க்கிறவன். விளக்கை வைத்து நடந்த வாக்கெடுப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் எபிசோடில் என்னை உட்காரவிடாமல் செய்தது அதுதான்.

முதலில் கண்ணுக்குத் தெரிவது. நிலாவிலிருந்து ஒரு நேரத்தில் பூமியின் ஒரு பாதிதான் தெரியும். அந்தப் பாதியிலும் இரவாக இருக்கிற இடத்தில்தான் விளக்கு தெரியும். அவர்களுக்குக் கிடைத்த முக்கால் மணி நேரத்தில் பூமி 11 டிகிரிதான் சுழலும். அப்படியானால் அந்தப் பக்கம் இரவில் இருந்தவர்கள் மட்டும்தான் ஓட்டுப் போட்டார்கள். பகலில் இருந்தவர்களுக்கும் மறுபக்கத்தில் இருந்தவர்களுக்கும் ஓட்டே கிடையாது. மின்சாரமே இல்லாத ஊர்களும் கணக்கில் "கொல்" என்று விழுந்திருக்கும்.

இரண்டாவது, யார் அணைத்தார்கள் என்பது. திரையில் நகரம் நகரமாக ஒரே அடியாக இருள்கிறது. வீடு வீடாக மக்கள் அணைத்தால் அப்படி இருளாது. அது துணைமின் நிலையத்தில் அணைத்த மாதிரி இருக்கிறது. அப்படியானால் ஓட்டுப் போட்டது மக்கள் இல்லை, அரசாங்கங்கள். ஹார்னஸ் இதைக் கதையாக்கியிருந்தால் கிளாரா தீர்ப்பை மீறியதற்கு ஒரு பலமான காரணம் கிடைத்திருக்குமே! இது மக்களின் குரலே இல்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். நீலப்பெட்டி கேட்ட "துரும்பு" அதுதான்.

மூன்றாவது. மின்கட்டமைப்பில் உற்பத்தியும் தேவையும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருக்க வேண்டும். தேவை திடீரென்று விழுந்தால் அலைவெண் எகிறும், ஜெனரேட்டர்கள் தானாகக் கழன்றுகொள்ளும். 2020 ஏப்ரல் 5 நினைவிருக்கிறதா? இரவு 9 மணிக்கு 9 நிமிடம் வீட்டு விளக்கை அணைக்கச் சொன்னார்கள். இந்தியா முழுவதும் 31,000 மெகாவாட்டுக்கு மேல் தேவை சரிந்தது. தாங்கியதற்குக் காரணம் முன்கூட்டியே தெரிந்ததுதான். நீர்மின் நிலையங்களை முதலில் ஏற்றி வைத்து, 9 மணிக்கு மளமளவென்று இறக்கி, மறுபடி ஏற்றினார்கள். தெருவிளக்கு, ஆஸ்பத்திரி, ஃபிரிட்ஜ் எதையும் அணைக்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்கள். 2049-இல், பாதி உலகம் வெள்ளத்தில் இருக்கும்போது, முக்கால் மணி நேர அவகாசத்தில் எல்லாவற்றையும் அணைத்தால் பல நாட்டுக் கட்டமைப்பு முழுசாகப் படுத்துவிடும். இருட்டிலிருந்து மறுபடி எழுப்ப மணிக்கணக்கில், சில இடங்களில் நாள் கணக்கில் ஆகும். அந்த இரவில் ஆஸ்பத்திரிகளில் என்ன நடந்திருக்கும்? விலை அங்கே இருந்தது, கேமரா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நீலப்பெட்டி

மின்கம்பம், இந்த எபிசோடைப் பற்றி இத்தனை வருடத்தில் நான் படித்ததில் மிகச் சிறந்த பதிவு இது. அந்த ஓட்டு யாருடையது என்ற கேள்வியை எழுத்தாளர் பிடித்திருந்தால் எல்லா முடிச்சும் அவிழ்ந்திருக்கும். கிளாராவின் மீறலுக்குக் காரணமும், லண்ட்விக்கோடு உண்மையான வாக்குவாதமும் கிடைத்திருக்கும், விலையும் வந்திருக்கும்.

ஹார்னஸுக்கு இது முடியாத காரியமும் இல்லை. 2017-இல், அப்போது தொடரை நடத்திய மோஃபட்டோடு சேர்ந்து எழுதிய "த பிரமிட் அட் தி எண்ட் ஆஃப் த வேர்ல்ட்"-இல் மறுபடி ஒரு பெண் எல்லாருக்காகவும் முடிவெடுக்கிறாள். டாக்டரோடு பயணிக்கும் பில், பார்வையிழந்த அவருக்குப் பார்வை திரும்பக் கிடைப்பதற்காகச் சம்மதம் கொடுக்கிறாள், அதற்கு ஈடாக உலகமே துறவிகள் எனப்படும் வேற்றுகிரகவாசிகள் கைக்குப் போகிறது. அன்பால் எடுத்த முடிவு, பயங்கரமான விலை. நிலாவில் விட்டதை அங்கே பிடித்துவிட்டார் என்றே நினைக்கிறேன்.

புதுப்பயணி

வணக்கம். நான் இந்தத் தொடருக்குப் புதுசு, கபால்டி சீசனில்தான் ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க இந்த எபிசோடைத் தாண்டிப் போய்விடலாமா என்று தோன்றுகிறது. போகலாமா?

பழைய கேசட்

தாண்டாதீர்கள் தம்பி. அடுத்த வாரம், 2014 அக்டோபர் 11 அன்று வந்த "மம்மி ஆன் த ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்" இந்தச் சண்டையிலிருந்துதான் தொடங்குகிறது. இயக்குநரும் அதே வில்ம்ஷர்ஸ்ட்தான், எழுதியவர் ஜேமி மாத்தீசன். டாக்டரும் கிளாராவும் கடைசிப் பயணம் என்று சொல்லிக்கொண்டு அந்த ரயிலில் ஏறுவார்கள். நிலாவில் என்ன நடந்தது என்று தெரியாமல் அதைப் பார்த்தால் பாதிதான் புரியும். சில நேரம் கையில் இருப்பது எல்லாமே மோசமான வழிகள், ஆனாலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும் என்று கடற்கரையில் டாக்டர் கிளாராவிடம் சொல்வார். நிலாவில் சொல்லியிருக்க வேண்டியதை ஒரு வாரம் கழித்துச் சொல்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில் பாருங்கள்.

நீலப்பெட்டி

மம்மிக்குத் தனி இழை வரும் வெள்ளிக்கிழமை திறக்கிறேன். திரையில் ஓடும் அந்த 66 வினாடிக் கடிகாரத்தைக் கவனித்துவிட்டு வாருங்கள், அதைப் பற்றி நிறையப் பேச வேண்டும். மின்கம்பம், நீங்களும் கட்டாயம் வர வேண்டும்.